தைலம் தேய்க்கும் முன்...



நம் வீடுகளில் சாமி மேடைக்கு அடுத்தபடியாகக் கட்டாயம் இருக்கும் பொருள் எது என்று கேட்டால், தைலம் என்றுதான் சொல்வேன். அம்மாவின் கைப்பையில் ஒன்று, அப்பாவின் காரில் ஒன்று, பாட்டியின் தலையணைக்கு அடியில் ஒன்று. தலைவலியா, தைலம். வயிற்று உப்புசமா, தைலம். பஸ்ஸில் குமட்டலா, மூக்குக்கிட்ட தைலம். "கொஞ்சம் தேச்சு விடுப்பா, சரியாப் போயிடும்" என்ற குரலைக் கேட்காமல் வளர்ந்தவர்கள் நம்மில் யாரும் இருக்க முடியாது.

நானும் அப்படித்தான் வளர்ந்தேன். அதனால்தான் இந்தப் பாடத்தை எழுதும் தகுதி எனக்கு வந்தது. நான் செய்த தவறு ஒன்றிலிருந்து தொடங்குகிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு தைப்பூசம். பாட்டி வெறுங்காலோடு பால்குடம் எடுத்து, பத்துமலையின் 272 படிகளையும் ஏறி இறங்கி வீட்டுக்கு வந்தார். "காலு ரெண்டும் மரத்துப் போன மாதிரி இருக்குய்யா" என்றார். நான் அவருக்குச் செல்லப் பேரன். தைலத்தை எடுத்து விரலில் இருந்து கணுக்கால் வரைக்கும் தாராளமாகத் தேய்த்தேன். துண்டால் இறுக்கிச் சுற்றினேன். போதாதென்று சுடுதண்ணீர்ப் பையையும் மேலே வைத்தேன்.

"சூடு இருக்கா பாட்டி?"

"ஒன்னும் தெரியலய்யா. இன்னும் கொஞ்ச நேரம் வையி."

காலையில் துண்டை அவிழ்த்தபோது இரண்டு பாதங்களிலும் கொப்புளம். பாட்டிக்கு இருபது வருடமாக இனிப்புநீர். ஒரு புண் ஆறிவிட்டது. இன்னொன்றுக்கு மூன்று மாதம் கிளினிக்குக்குப் போய்க் கட்டு மாற்றினோம். கட்டுப் போட்ட தாதி என்னைத் திட்டவில்லை. "சூடு தெரியலன்னு சொன்னாங்கல்ல, அப்பவே நிறுத்தியிருக்கணும் தம்பி" என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு வாக்கியம்தான் இந்தப் பாடத்தின் வேர்.

டப்பாவுக்குள் என்ன இருக்கிறது?

நாம் பயன்படுத்தும் தைலங்களுக்கு நீண்ட வரலாறு உண்டு. புலித் தைலம் ரங்கூனில் ஆவ் சூ கின் என்ற சீன மூலிகை வைத்தியரிடம் தோன்றி, அவருடைய மகன்கள் வழியாக 1920களில் சிங்கப்பூருக்கு வந்தது. கோடாலித் தைலம் 1928 முதல் சிங்கப்பூரில் தயாராகிறது. அமிர்தாஞ்சன் 1893இல் பம்பாயில் பிறந்து, பிறகு சென்னைக்குப் போனது.

பெயரும் நிறமும் வேறாக இருந்தாலும், பெரும்பாலான டப்பாக்களில் திரும்பத் திரும்ப வருவது சில பொருள்கள்தான்: புதினா வகையிலிருந்து எடுக்கும் மென்தால், கற்பூரம், கிராம்பு எண்ணெய், மலாய்க்காரர்கள் மீஞாக் காயு பூத்தே என்று சொல்லும் எண்ணெய், மெத்தில் சாலிசிலேட். கடைசியாகச் சொன்னது ஆஸ்பிரின் மாத்திரையின் சொந்தக்காரன். "மூலிகைதானே, என்ன செய்யப் போகுது?" என்று கேட்பவர்களுக்கு இந்தப் பட்டியலே பதில். மூலிகையிலும் மருந்துச் சத்து இருக்கிறது. சத்து இருந்தால் அளவும் இருக்க வேண்டும்.

எப்படி வேலை செய்கிறது?

நம் தோலில் உள்ள நரம்பு நுனிகளில் குளிரை உணர ஒரு பூட்டும் சூட்டை உணர வேறொரு பூட்டும் இருக்கின்றன. உண்மையான குளிர் இல்லாமலேயே மென்தால் அந்தக் குளிர்ப் பூட்டைத் திறந்துவிடும். மிளகாயின் காரம் அதேபோல் சூட்டுப் பூட்டைத் திறக்கும். இதைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் படபூட்டியன் ஆகிய இருவருக்கும்தான் 2021இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

அதாவது, தைலம் தடவியதும் வரும் "ஜில்" உணர்வில் தோல் உண்மையாகக் குளிர்ந்துவிடுவதில்லை. அந்தப் புதிய உணர்ச்சி மூளையை எட்டும்போது, பழைய வலி பின்னுக்குப் போகிறது. இது நல்ல உதவிதான். கழுத்துப் பிடிப்பு, விளையாடிய பிறகு வரும் தசை வலி, சாதாரணத் தலைவலி ஆகியவற்றுக்குப் போதுமானது. ஆனால் கிழிந்த தசைநாரை அது ஒட்ட வைக்காது. உள்ளே இருக்கும் நோயையும் தீர்க்காது.

பாட்டியின் கதையை இப்போது பாருங்கள். இனிப்புநீர் அவருடைய பாத நரம்புகளை ஏற்கெனவே கெடுத்திருந்தது. "போதும், சுடுது" என்று சொல்ல வேண்டிய நரம்பு பேசவில்லை. நரம்பு பேசாவிட்டாலும் தோல் வெந்துதான் போகும்.

பயன்படுத்தும் முறை

1. முதலில் டப்பாவில் எழுதியிருப்பதைப் படியுங்கள். பட்டாணி அளவு எடுத்து மெல்லிசாகத் தடவினால் போதும். ஒரு நாளைக்கு மூன்று அல்லது நான்கு முறைக்கு மேல் வேண்டாம். நிறையப் பூசினால் சீக்கிரம் குணமாகும் என்பது தப்புக் கணக்கு.

2. புதுத் தைலம் என்றால் முன்கையின் உள்பக்கம் ஒரு பொட்டு வைத்து, ஒரு நாள் பொறுங்கள். சிவப்போ அரிப்போ வந்தால் அது உங்களுக்கு ஆகாது.

3. தைலம் பூசிய இடத்தை இறுக்கிக் கட்டாதீர்கள். சுடுதண்ணீர்ப் பை, மின்சார வெப்பப் பட்டை எதையும் மேலே வைக்காதீர்கள். மென்தாலும் மெத்தில் சாலிசிலேட்டும் உள்ள வலி மருந்துகள் அரிதாகத் தோலைப் புண்ணாக்கும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2012இல் எச்சரித்தது. நான் பாட்டிக்கு இந்த இரண்டையும் சேர்த்தே செய்தேன்.

4. வெட்டுக்காயம், கொப்புளம், கால் வெடிப்பு, அலகு குத்திய இடம் ஆகியவற்றில் தைலம் கூடாது. கண், வாய், மூக்குத் துவாரம் பக்கமும் போகக் கூடாது. தேய்த்து முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். பலருக்குக் கண் எரிவது கழுவாத கையால்தான்.

5. சுளுக்கு புதிதாக இருந்தால் போட்டு அழுத்தித் தேய்க்காதீர்கள். முதல் இரண்டு நாள் ஓய்வும், துணியில் சுற்றிய ஐஸ் ஒத்தடமும்தான் நல்லது.

6. இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்கள், ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவர்கள், கர்ப்பிணிப் பெண்கள் ஆகியோர் மருத்துவரையோ மருந்தாளரையோ கேட்காமல் பூசக் கூடாது. மெத்தில் சாலிசிலேட் தோல் வழியாக இரத்தத்தில் கலந்து வார்ஃபரினின் வேகத்தைக் கூட்டும்.

7. எரிச்சல் தாங்க முடியாவிட்டால் உடனே சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள். "எரிஞ்சாத்தான் வேலை செய்யுது" என்ற பேச்சை நம்பாதீர்கள்.

குழந்தை இருக்கும் வீட்டில்

நம் வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு. பிள்ளைக்குச் சளி என்றால் தேங்காய் எண்ணெயில் பூஜைக் கற்பூரத்தைப் போட்டுச் சூடு காட்டி, நெஞ்சில் தடவுவார்கள். அன்போடு செய்வதுதான். ஆனால் அந்தக் கற்பூரம் ஏற்றுவதற்காகச் செய்யப்பட்டது. மருந்துக்காக அளந்து செய்யப்பட்டதல்ல. எண்ணெயில் எவ்வளவு கரைந்தது என்று நமக்குத் தெரியாது. குழந்தையின் தோலோ மிக மெல்லியது.

வயிற்றுக்குள் போனால் ஆபத்து இன்னும் பெரிது. சிறு குழந்தைக்கு ஒரு கிராம் கற்பூரமே உயிருக்கு ஆபத்தாகலாம். சில நிமிடங்களிலேயே வலிப்பு வரலாம். பூஜை வில்லை பார்ப்பதற்கு மிட்டாய் மாதிரி வேறு இருக்கிறது. ஆகவே கற்பூர டப்பாவும் தைலமும் பிள்ளையின் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். கற்பூரமும் மென்தாலும் உள்ள தைலத்தை இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குப் பூசவே கூடாது. ஜி6பிடி குறைபாடு உள்ள பிள்ளை என்றால், எந்தத் தைலமானாலும் மருத்துவரைக் கேட்ட பிறகுதான்.

பெரியவர்களுக்கும் இது பொருந்தும். வயிற்று வலிக்குத் தைலத்தைத் தண்ணீரில் விட்டுக் குடிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். சுத்தமான மெத்தில் சாலிசிலேட் எண்ணெய் ஒரு தேக்கரண்டி என்பது 20க்கும் மேற்பட்ட ஆஸ்பிரின் மாத்திரைகளுக்குச் சமம். வெளிப்பூச்சு வெளிப்பூச்சாகவே இருக்க வேண்டும்.

யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். டப்பாவையும் கையில் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள். வலிப்பு, மயக்கம் இருந்தால் 999. பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் தேசிய நச்சு மையம் இயங்குகிறது. அதன் எண்ணை இன்றே உங்கள் கைப்பேசியில் பதிந்து வையுங்கள்.

வாங்கும்போது

பாசார் மாலாமில் ஒலிபெருக்கி வைத்து, "முப்பது நோய்க்கும் ஒரே எண்ணெய்" என்று விற்பதைப் பார்த்திருப்பீர்கள். பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். மலேசியாவில் பதிவு பெற்ற மருந்தில் எம்.ஏ.எல். என்று தொடங்கி, எட்டு இலக்கங்களும் இறுதியில் ஓர் எழுத்தும் கொண்ட எண் இருக்கும். பாரம்பரிய மருந்து என்றால் அந்த எழுத்து 'டி'. அந்த எண் உண்மைதானா என்று தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமையின் இணையத்தளத்தில் தேடிப் பார்க்கலாம். காலாவதித் தேதியையும் பாருங்கள். எண்ணும் இல்லை, உள்ளடக்கமும் எழுதவில்லை என்றால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

தைலத்தை மூடி வைக்க வேண்டிய நேரம்

இந்தப் பகுதியை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள்.

நெஞ்சில் அழுத்தம், இடது கையிலோ தாடையிலோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சு வாங்குதல்: இவை வந்தால் "காத்துப் புடிச்சிருக்கு" என்று தைலம் தேய்த்து உட்கார்ந்திருக்காதீர்கள். மாரடைப்பில் ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கிறது. உடனே 999. இனிப்புநீர் உள்ளவர்களுக்கு வலி பெரிதாகத் தெரியாமலேயே மாரடைப்பு வரலாம்.

காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, திடீரென்று வரும் கடுமையான தலைவலி, விழுந்த பிறகு ஊன்ற முடியாத கால், விடாத வயிற்று வலி, முதுகு வலியோடு கால் மரத்துப் போவது: இவையும் தைலத்துக்கான வேலைகள் அல்ல. சாதாரண வலியே ஒரு வாரம் தாண்டியும் குறையவில்லை என்றால் கிளினிக்குக்குப் போங்கள்.

திருக்குறளில் 'மருந்து' என்று ஓர் அதிகாரம் உண்டு, 95ஆவது. அதன் பெரும்பகுதி உண்ணும் அளவைப் பற்றிப் பேசுகிறது. பிறகு, நோய் எது, அது எதனால் வந்தது என்று முதலில் ஆராயச் சொல்கிறது. மருந்து கொடுப்பது அதற்குப் பின்தான். அன்று பாட்டியின் கால் ஏன் மரத்தது என்று நான் ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். கேட்காமல் தேய்த்தேன்.

பெரியவர்களுக்குக் கால் பிடித்துவிடுவது நம் பண்பாடு, அதை விட்டுவிடாதீர்கள். பாட்டி இப்போதும் காலை நீட்டுகிறார், நானும் பிடித்துவிடுகிறேன். ஆனால் முதலில் விளக்கைப் போட்டு, விரல் இடுக்கு, குதிகால் எல்லாம் புண் இருக்கிறதா என்று பார்க்கிறேன். தைலம் இல்லை. வெறும் கைதான். "இதுவே போதும்யா" என்கிறார்.

கிளை வகுப்பில் செய்ய

- ஆளுக்கொரு தைல டப்பாவை வீட்டிலிருந்து கொண்டு வாருங்கள். உள்ளடக்கம், பதிவு எண், காலாவதித் தேதி மூன்றையும் எழுதி ஒப்பிடுங்கள்.
- உங்கள் வீட்டில் இனிப்புநீர் உள்ளவர் யார்? இந்த வாரம் அவருடைய பாதங்களை ஒருமுறை பாருங்கள்.
- "மூலிகை என்றால் பக்க விளைவு இல்லை" என்பவரிடம் என்ன பதில் சொல்வீர்கள்? இருவர் இருவராகப் பேசிப் பழகுங்கள்.