கொம்பில்லாத யானை
(காட்டுயிர் வரையும் இளம் ஓவியருக்கு ஒரு கடிதம்)

அன்புள்ள தங்கச்சிக்கு,

ஓவியக் கண்காட்சியின் திறப்பு மாலை எப்படிப் போகும் என்பது கண்டியில் படம் மாட்டிய எல்லாருக்கும் தெரியும். பிரதம அதிதி அரைமணி நேரம் பிந்துவார். குத்துவிளக்கின் ஒவ்வொரு திரிக்கும் ஒருவரைப் பெயர் சொல்லி அழைப்பார்கள். உரைகள் முடிவதற்குள் மூலையில் பட்டீஸ் தட்டு காலியாகிவிடும். ஓவியருக்கோ கையை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியாது. வருகிறவர்கள், "அப்படியே போட்டோ மாதிரி இருக்கு" என்பார்கள். பாராட்டுத்தான். ஆனால் அதில் குளிர்ந்துபோனவர்களின் அடுத்த கண்காட்சியும் அதே போட்டோவாகத்தான் இருக்கும்.

அன்று தேட வேண்டிய ஆள் வேறு. படத்தில் இருக்கிற பிராணியை நேரில் அறிந்தவர். ஒரு யானைப் பாகராக இருக்கலாம், வன இலாகாவில் ஓய்வுபெற்றவராக இருக்கலாம், கொழுந்து மலையில் சிறுத்தையைக் கண்டு கூடையைப் போட்டுவிட்டு ஓடிய ஓர் அம்மாவாக இருக்கலாம். அவர் முகம் சுளித்தால், பிரதம அதிதியை விட்டுவிட்டு அவரிடம் போய் ஏன் என்று கேளுங்கள்.

அவர் எதைச் சொல்லக்கூடும்? யானையையே எடுத்துக்கொள்வோம். இந்த ஊரில் யானைப் படம் என்றால் பெரும்பாலும் கொம்பன்தான். எசல பெரஹராவில் புத்தரின் புனிதப் பல்லுக்கான பேழையைச் சுமப்பது கொம்பன்; 1988இல் இறந்த மாளிகை ராஜாவின் பாடம் செய்த உடலும் தலதா மாளிகை வளவிலேயே நிற்கிறது. கண் அதற்கே பழகிவிட்டது. ஆனால் இலங்கைக் காட்டில் ஆண் யானைகளில் தந்தம் உள்ளவை நூற்றுக்குப் பத்துக்கும் குறைவு. கொம்பில்லாத ஆண் யானையை வரைந்து மாட்டினால், "பெண் யானையா?" என்று பத்துப் பேர் கேட்பார்கள். பதினோராவது ஆள் துதிக்கை தொடங்கும் இடத்துப் புடைப்பைப் பார்த்து, ஒன்றும் கேட்காமல் தலையாட்டுவார். அந்தத் தலையாட்டலுக்காக வரையலாம்.

காட்டுக்கோழியும் அப்படித்தான். இலங்கைச் சேவலின் சிவப்புக் கொண்டை நடுவில் மஞ்சள் இருக்கும்; தென்னிந்தியாவின் சாம்பல் காட்டுக்கோழிக்கு அது கிடையாது. கைபேசியில் அகப்பட்ட முதல் படத்தைப் பார்த்து வரைகிறவர் நம் தேசியப் பறவைக்கு அயல்நாட்டுக் கொண்டையைச் சூட்டிவிடுவார்.

நேரில் பார்த்து வரைந்தவர்கள் இந்த மண்ணிலேயே இருந்தார்கள். பேராதனைத் தாவரவியல் பூங்கா 1821இல் தொடங்கியது. அங்கே 1823 முதல் 38 ஆண்டுகள் வரைஞராக இருந்தவர் ஹார்மானிஸ் த அல்விஸ் செனவிரத்ன. செடிகளைத் தேடிக் காட்டுக்குள்ளேயே போனவர். இலையே இல்லாமல் வேரால் பிழைக்கும் ஒரு சின்ன ஓர்க்கிட்டின் அறிவியல் பெயரில் இன்றும் 'அல்விசி' என்று ஒட்டிக்கொண்டிருக்கிறார். அவருடைய பிள்ளைகளும் அதே வேலைக்கு வந்தார்கள். 1880களில் மூன்று தொகுதிகளாக வெளிவந்த இலங்கை வண்ணத்துப்பூச்சி நூலுக்கு, பேராதனையில் வளர்த்த கம்பளிப்புழுக்களையும் கூட்டுப்புழுக்களையும் உயிரோடு வைத்து வரைந்தவர்கள் அவர்கள்தான். நூலாசிரியர் என்று அறியப்படுபவர் பிரெடரிக் மூர். குத்துவிளக்கும் அதிதியும் இல்லாத வாழ்க்கை அது, கொஞ்சம் அநியாயமும்தான். ஆகவே உங்கள் படங்களின் கீழே உங்கள் பெயரைத் தெளிவாக எழுதுங்கள், தங்கச்சி.

ஜி. எம். ஹென்றியின் கதை வேறு. 1891இல் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். லயத்தில் அல்ல, தோட்டத்தை நடத்தியவரின் மகனாக. கொழும்பு அருங்காட்சியகத்தில் வரைஞராகச் சேர்ந்து பூச்சியியல் பிரிவுக்குப் போனவர். இலங்கைப் பறவைகள் பற்றி 1955இல் வெளிவந்த அவருடைய கையேட்டில் எழுத்தும் அவருடையது, படமும் அவருடையது. பறவை எங்கே கூடு கட்டும், எப்படிக் கூவும் என்று எழுதத் தெரிந்த கைதான் இறகையும் தீட்டியது.

இதையெல்லாம் கேட்டு, மயிர் மயிராக வரைந்தால் போதும் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். கண்டிக்குப் பக்கத்திலேயே தெகல்தொருவ குகை விகாரை இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டுச் சுவரோவியங்கள். தேவரகம்பொல சில்வத்தென்ன உன்னான்சே என்ற துறவியும் கூட்டாளிகளும் தீட்டியவை. நிழல் இல்லை, ஆழம் இல்லை, பின்புலம் சிவப்பு. வெறும் கோட்டிலேயே உயிர்கள் அசைகின்றன. 1908இல் ஆனந்த குமாரசுவாமி தம் இடைக்காலச் சிங்களக் கலை நூலில் இவற்றை எடுத்துப் பேசினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய், அந்தக் கோடு எங்கே தடிக்கிறது, எங்கே மெலிகிறது என்று மட்டும் பாருங்கள்.

பயிற்சிக்கு மாதிரி தேடி அலைய வேண்டியதில்லை. கண்டி வாவியில் நீர்க்காகம் இறகை விரித்துக் காயவைக்கும். கரையில் கபரகொய்யா நகரும். பேராதனை மரங்களில் பழந்தின்னி வௌவால்கள் நூற்றுக்கணக்கில் தலைகீழாகத் தொங்கி, வெயில் ஏறினால் சிறகால் விசிறிக்கொள்ளும். இரண்டு நிமிடத்துக்கு ஒரு கோட்டுப்படம் போதும்.

கண்ணாடிச் சட்டம் போடும்போது தாள் கண்ணாடியில் ஒட்டாமல் இடைவெளி விடுங்கள். கண்டி ஈரத்துக்குப் பூஞ்சணம் பிடிக்கும்.

அழைப்பிதழைத் தமிழிலும் சிங்களத்திலும் அடியுங்கள். அந்தப் பாகருக்கும் அந்த அம்மாவுக்கும் கையில் கொண்டுபோய்க் கொடுங்கள். திறப்பு மாலை ஆறு மணிக்கு என்றால், அது முடிவதற்குள் தோட்டத்துக்குப் போகும் கடைசி பஸ் போய்விடும். ஞாயிறு காலையில் வைக்க முடியுமா என்று மண்டபத்தாரிடம் இப்போதே கேட்டு வையுங்கள்.