கடல்மீன் தொட்டிக்கு நுரைபிரிப்பான்: எப்போது ஓட்டுவது, எப்படி ஓட்டுவது?

இராமநாதபுரம், தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற கடலோர மாவட்டங்களில், வீட்டுக் கொல்லையில் ஒன்றிரண்டு தொட்டிகள் அமைத்து அலங்காரக் கடல்மீன் வளர்ப்பது சிறு விவசாயிகளுக்கு ஏற்ற துணைத்தொழிலாகும். ஆரஞ்சு உடலில் வெள்ளைப் பட்டைகளுடன் கூடிய கோமாளி மீன் இதற்கு மிகவும் ஏற்றது. இம்மீனைப் பொரிப்பகத்தில் உற்பத்தி செய்யும் முறையை மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையம் உருவாக்கியுள்ளது. பொரிப்பகக் குஞ்சுகளை வாங்கி, விற்பனை அளவு வரை வளர்ப்பதே புதியவர்களுக்கு எளிய வழி.

ஆனால் புதிதாகத் தொடங்குவோரில் பலர் முதல் மாதத்திலேயே மீன்களை இழந்துவிடுகின்றனர். 'புரோட்டீன் ஸ்கிம்மர்' எனக் கடைகளில் சொல்லப்படும் நுரைபிரிப்பானை வாங்கி மாட்டிவிட்டால் தண்ணீர் தானே சுத்தமாகிவிடும் என்ற நம்பிக்கை இதற்கு ஒரு முக்கியக் காரணம். இக்கருவி எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதை அறிந்து பயன்படுத்தினால் இந்த நஷ்டத்தைத் தவிர்க்கலாம்.

நுரைபிரிப்பான் என்ன செய்கிறது?

கரும்புச் சாறு காய்ச்சும் கொப்பரையில் அழுக்கு மேலே திரண்டு வருவதையும், அதை அரிகரண்டியால் அள்ளி எடுப்பதையும் விவசாயிகள் அறிவர். ஏறத்தாழ அதே வேலையை நுரைபிரிப்பான் காற்றைக் கொண்டு செய்கிறது. மீனின் வழவழப்பு, கழிவு, மீந்த தீவனம் ஆகியவற்றிலிருந்து புரதமும் கொழுப்புப் பொருள்களும் நீரில் கரைகின்றன. இப்பொருள்களின் மூலக்கூறில் ஒரு பகுதி நீரை நாடும். மறு பகுதி நீரை விட்டு விலகிக் காற்றை நாடும். ஆகவே நீரினூடே நுண்ணிய காற்றுக் குமிழ்களைச் செலுத்தினால், இவை குமிழ்களின் மேல் ஒட்டிக்கொண்டு மேலே வந்து நுரையாகத் திரளுகின்றன. அந்த நுரை குறுகிய கழுத்தின் வழியே ஏறி, மேலே உள்ள கிண்ணத்தில் தேநீர் நிற அழுக்கு நீராகச் சேர்கிறது.

உப்பு நீரில் குமிழ்கள் ஒன்றோடொன்று சேராமல் நுண்ணியதாக நிற்கும். நன்னீரில் அவை சேர்ந்து பெருத்துவிடும். எனவே நன்னீர் மீன் தொட்டிகளில் இக்கருவி சரிவரப் பயன்படாது.

எதைச் செய்யாது?

மீனைக் கொல்லும் அம்மோனியாவை நுரைபிரிப்பான் நீக்காது. அம்மோனியா நீரில் முழுதும் கரைந்து நிற்பது, குமிழில் ஒட்டுவதில்லை. புரதம் அழுகி அம்மோனியாவாக மாறும் முன் அதில் ஒரு பங்கை வெளியேற்றுவது மட்டுமே இக்கருவியின் பணி. ஆனால் மீன் தன் செவுள் வழியே நேரடியாக வெளிவிடும் அம்மோனியாவே பெரும்பங்கு.

ஒரு சிறு கணக்கைப் பார்க்கலாம். 500 லிட்டர் தொட்டியில் நாள்தோறும் 45 சதவீதப் புரதமுள்ள தீவனம் 5 கிராம் இடப்படுகிறது. அதில் புரதம் 2.25 கிராம், புரதத்தில் 16 சதவீதம் நைட்ரஜன் என்பதால், நைட்ரஜன் 0.36 கிராம். அதில் பாதி அம்மோனியாவாக வெளிவருகிறது எனக் கொண்டால், லிட்டருக்கு நாளொன்றுக்கு சுமார் 0.36 மில்லிகிராம் சேரும். மூன்றே நாளில் இது 1 மில்லிகிராமைத் தாண்டிவிடும். கடல்நீர் காரத்தன்மை உடையதாதலால் அம்மோனியாவின் நஞ்சு அதில் கடுமையாக இருக்கும். கிண்ணம் நிறைய அழுக்கு சேர்ந்திருக்கும்; தண்ணீர் கண்ணாடி போல் தெளிந்திருக்கும்; ஆயினும் மீன்கள் மேலே வந்து வாய் திறந்து மூச்சுவிடும். தெளிந்த நீர் எல்லாம் நல்ல நீர் அல்ல.

முதலில் உயிரியல் வடிகட்டி

வயலில் இட்ட அம்மோனியா உரத்தை மண்ணிலுள்ள பாக்டீரியாக்கள் நைட்ரைட்டாகவும், பின் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. தொட்டியிலும் அதே வேலை நடைபெற வேண்டும். உடைந்த ஓட்டுச் சில்லுகள், சுத்தம் செய்த சிப்பி ஓடுகள் அல்லது பிளாஸ்டிக் வளையங்களை ஒரு வாளியில் நிரப்பி, தொட்டி நீர் அதனூடே ஓயாமல் ஓடும்படி செய்தால் அவற்றின் மேல் இப்பாக்டீரியாக்கள் படியும்.

இதற்கெனக் கடலிலிருந்து பவளப் பாறைகளை எடுத்துவரக் கூடாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பவளங்கள் 2001-ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்டன. அவற்றை எடுப்பதும் விற்பதும் தண்டனைக்குரிய குற்றம்.

தயாரிப்பு முறை

1. கடல்நீரை ஒரு நாள் தெளியவிட்டு வடிகட்டவும். 500 லிட்டருக்கு 30 சதவீதக் குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடர் 17 கிராம் கரைத்து ஊற்றி ஒரு நாள் வைக்கவும். பிறகு, குளோரின் முழுவதும் நீங்கும்வரை பலமாகக் காற்றோட்டம் கொடுக்கவும். குளோரின் சோதனை செய்து பார்த்த பின்னரே வடிகட்டி வாளியை இணைக்க வேண்டும். பாக்டீரியா படிந்த பின் பிளீச்சிங் பவுடர் அறவே கூடாது.

2. வடிகட்டியை ஓடவிட்டு, தொட்டியில் 4 கிராம் அம்மோனியம் குளோரைடு கரைக்கவும். இதனால் லிட்டருக்கு ஏறத்தாழ 2 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜன் கிடைக்கும். மீன் இன்னும் விடக்கூடாது.

3. இரண்டு நாளைக்கு ஒருமுறை சோதனைப் பெட்டியால் அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் பார்க்கவும். முதலில் அம்மோனியா குறையும்; நைட்ரைட் ஏறும்; பிறகு அதுவும் இறங்கும். அம்மோனியா தீரும்போதெல்லாம் மீண்டும் 4 கிராம் இடவும்.

4. இட்ட அளவு முழுவதும் ஒரே நாளில் மறைந்து, நைட்ரைட்டும் இல்லாமல் போனால் தொட்டி தயார். இதற்குப் பெரும்பாலும் 4 முதல் 6 வாரம் ஆகும். பசுந்தாள் உரத்தை மடக்கி உழுத அன்றே நாற்று நடுவதில்லை. அதே பொறுமை இங்கும் வேண்டும்.

5. பாதி நீரை மாற்றி, திட்டமிட்ட எண்ணிக்கையில் கால் பங்கு குஞ்சுகளை மட்டும் முதலில் விடவும். சோதனையில் அம்மோனியா தென்படாவிட்டால் இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை கூட்டிக்கொள்ளலாம்.

நுரைபிரிப்பானை ஓட்டும் காலம்

புதுக் கருவியில் தயாரிப்பின்போது ஒட்டிய எண்ணெய்ப் பசை இருக்கும். அது நீங்கும்வரை நுரை சரியாக ஏறாது. சில நாள் முதல் இரு வாரம் வரை பிடிக்கும். ஆகவே தொட்டி பக்குவப்படும் காலத்திலேயே அதைப் பொருத்தி ஓட்டிப் பழக்கலாம். மீன் இல்லாதபோது கிண்ணம் காலியாகவே இருக்கும். அது கருவியின் பழுதன்று. முதல் குஞ்சுகளை விட்ட நாள் முதல் இரவும் பகலும் ஓட வேண்டும். இதனால் நீரில் பிராணவாயுவும் கூடுகிறது.

எளிய கருவியை வீட்டிலேயே செய்யலாம். மூன்று அல்லது நான்கு அங்குல பி.வி.சி. குழாயைத் தொட்டிக்குள் செங்குத்தாக நிறுத்தி, அடியில் மரத்தாலான காற்றுக்கட்டி வைக்க வேண்டும். நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே பக்கத் துளைகளின் வழியே நீர் நுழைந்து கீழிறங்கும். குமிழ்கள் எதிர்த்து மேலேறும். அடியிலிருந்து ஒரு சிறு குழாய் காற்றின் விசையால் நீரைத் தொட்டிக்கே திருப்பும். மேல்முனையைக் குறுக்கிக் கிண்ணம் பொருத்த வேண்டும். மரக்கட்டியின் துளைகள் அடைபடும். ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒருமுறை மாற்றவும்.

கவனிக்க வேண்டியவை

கழுத்தில் படியும் வழவழப்பை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை துடைக்க வேண்டும். இல்லையேல் நுரை ஏறாது. எண்ணெய்க் கையைத் தொட்டியில் விட்டாலும் நுரை அடங்கிவிடும்.

காற்றுப் பம்பை நீர்மட்டத்துக்கு மேலே வைக்கவும். கீழே வைத்தால் மின்சாரம் நின்றதும் நீர் குழாய் வழியே பம்பினுள் இறங்கும். மின்சாரம் திரும்பியதும் நுரை பொங்கி வழியக்கூடும். கிண்ணத்திலிருந்து ஒரு குழாயை வாளிக்கு விட்டு வைக்கவும்.

வெயிலில் ஆவியாகும் நீருக்கு ஈடாக நன்னீர் ஊற்றவும். கிண்ணத்தில் வெளியேறும் நீருக்கு ஈடாகக் கடல்நீர் ஊற்றவும். மாற்றி ஊற்றினால் உப்பளவு கெடும்.

பின்னாளில் சொந்தமாகக் குஞ்சு பொரிக்க முற்படுவோர், பச்சை நுண்பாசி நீரில் ரோட்டிஃபர் உணவிட்டு இளங்குஞ்சு வளர்க்கும் தொட்டியில் நுரைபிரிப்பானை ஓட்டக் கூடாது. அது பாசியையும் உணவையும் சேர்த்து வாரிவிடும். நோய்க்கு மருந்திடும்போதும் நிறுத்தி வைக்க வேண்டும். காற்றோட்டம் மட்டும் இருக்கட்டும்.

கழிவு நீரையும் மாற்றிய நீரையும் வயலிலோ, தென்னை மரத்தடியிலோ, கிணற்றருகிலோ ஊற்றக் கூடாது. துணைத்தொழில் செய்யப்போய் நிலத்தை உவராக்கிவிடக் கூடாது.

கையில் உள்ள பணம் குறைவானால் சோதனைப் பெட்டி, உயிரியல் வடிகட்டி, மின்தடைக்கு உதவும் பாட்டரி காற்றுப் பம்பு ஆகியவற்றை முதலில் வாங்கி, நுரைபிரிப்பானை அதன் பின் வாங்கலாம். மீன்கள் குறைவாகவும் நீர் மாற்றம் ஒழுங்காகவும் உள்ள தொட்டி சில மாதங்கள் அக்கருவியின்றியும் நடக்கும். வடிகட்டியின்றி ஒரு வாரமும் நடக்காது. மேலும் விவரங்களுக்கு அருகிலுள்ள மீன்வளத் துறை அலுவலகத்தை அணுகலாம்.