பத்திரச் செலவுக்கு வங்கி தராது

வீடு வாங்கப்போகிறேன் என்று யார் சொன்னாலும், கையில் எவ்வளவு பணம் இருக்கிறது என்றுதான் முதலில் கேட்கிறேன். மடிப்பாக்கத்தில் பழைய ஃபிளாட் ஒன்றை வாங்கிய பிறகு வந்த பழக்கம் இது. மாதத் தவணைக்குச் சம்பளம் இருக்கிறது. பதிவுக்கு முன்னும் பின்னுமாக இரண்டு மூன்று மாதத்துக்குள் மொத்தமாகக் கையைவிட்டுப் போகும் பணத்துக்கு எதுவும் இல்லை. பல வீடுகளில் நகை அடகுக்குப் போவது அப்போதுதான்.

60 லட்சத்துக்கு ஒரு பழைய ஃபிளாட் என்று வைத்துக்கொள்வோம். கடன் 30 லட்சத்தைத் தாண்டி 75 லட்சத்துக்குள் இருந்தால், வீட்டு மதிப்பில் 80 சதவீதம் வரைதான் தரலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி. ஆக வங்கி 48 லட்சம், நாம் 12 லட்சம். நிறையப் பேர் கணக்கை இதோடு முடித்துவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் மறுவிற்பனை வீட்டுக்கு முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 2023 ஏப்ரலுக்கு முன்பு பதிவுக் கட்டணமே 4 சதவீதமாக இருந்தது. இப்போதைய கணக்கில் 5 லட்சத்து 40 ஆயிரம். 10 லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளுக்கு இந்தச் செலவை வீட்டு மதிப்போடு சேர்த்துக் கடன் வரம்பைக் கணக்கிட முடியாது. முழுக்க நம் பணம். புரோக்கருக்கு 1 சதவீதம் என்றாலும் 60 ஆயிரம். அதற்கு மேல் வங்கியின் பிராசஸிங் கட்டணம், வக்கீல் ஒப்பீனியன், மதிப்பீட்டாளர், அசல் பத்திரத்தை வங்கியில் ஒப்படைப்பதைப் பதியும் செலவு, ஆவண எழுத்தர். 12 லட்சம் என்று நினைத்தது 18 லட்சத்தைத் தாண்டிவிடும்.

நாம் பேசிய விலையைவிட அரசின் வழிகாட்டி மதிப்பு அதிகமாக இருந்தால், தீர்வை அந்த மதிப்புக்குத்தான். பதிவுத்துறை இணையதளத்தில் தெரு வாரியாகவே பார்க்கலாம். விலை பேசும் முன் பார்த்துவிடுங்கள். புது ஃபிளாட்டுக்குத் தீர்வை குறைவு. ஆனால் கட்டிக்கொண்டிருக்கும்போது வாங்கினால் 5 சதவீதம் ஜிஎஸ்டி சேரும். மலிவு விலை வீட்டு வரையறைக்குள் வந்தால் 1 சதவீதம். பணிநிறைவுச் சான்று வந்தபின் வாங்கும் வீட்டுக்கு ஜிஎஸ்டி கிடையாது.

நான் பார்த்த குடும்பங்கள் அதிகம் தடுமாறியது வாடகை வீட்டு அட்வான்ஸில். அந்தப் பணம் வரும், பதிவுக்கு ஆகும் என்று கணக்கு வைத்திருப்பார்கள். வீட்டைக் காலிசெய்து சாவியைக் கொடுத்தபிறகுதான் அது கைக்கு வரும். அதிலும் பெயிண்டிங் என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வார்கள். பதிவு முடிந்து, மர வேலை முடிந்து, பால் காய்ச்சி நாம் குடிபோகும்வரை வாடகையும் தவணையும் சேர்ந்தே ஓடும். அட்வான்ஸை வரவில் எழுதாதீர்கள்.

பழைய வீடு என்றால், டோக்கன் அட்வான்ஸ் கொடுக்கும் முன் அசோசியேஷன் செயலாளரைப் போய்ப் பாருங்கள். நான் போனபோது, எங்கள் செயலாளர் நீளமான கணக்கு நோட்டைத் திறந்து, விரலை ஒரு வரியில் வைத்தார்.

“சார், வெளிப்புற பெயிண்டிங்குக்கு எல்லாரும் கட்டியாச்சு. இந்த வீட்டுப் பங்கு மட்டும்தான் பாக்கி. விக்கப்போறேன், வாங்குறவர் தருவார்னு சொல்லிட்டார். லிஃப்ட் மாத்தணும்னு ஜெனரல் பாடியில பேச்சு இருக்கு, அதையும் சொல்லிடறேன்.”

வில்லங்கச் சான்றில் இதெல்லாம் வராது. அதில் பதிவான ஆவணங்கள்தான் இருக்கும். சொத்துவரி பாக்கியும் மெயின்டனன்ஸ் பாக்கியும் அந்த வீட்டைத் தொடர்ந்துவந்து, புதிதாக வந்தவர் கதவைத்தான் தட்டும். பதிவு நாள் வரையிலான வரி, மின்கட்டணம், அசோசியேஷன் பங்கு எல்லாம் விற்பவர் பொறுப்பு என்று கிரய ஒப்பந்தத்திலேயே ஒரு பத்தி எழுதவைத்தேன். விற்றவரும் முகம் சுளிக்காமல் கட்டினார். பத்திரத்தில் கையெழுத்து விழுந்தபிறகு யாரிடம் போய்க் கேட்பது?

கடன் கையெழுத்தாகும் நாளில் காப்பீடு ஒன்றையும் நீட்டுவார்கள். பிரீமியத்தைக் கடனிலேயே சேர்த்துவிட்டால், 20 வருடம் அதற்கும் வட்டி கட்டுவோம். குடும்பத்துக்குக் காப்பீடு அவசியம் வேண்டும்; அதை டேர்ம் பாலிசியாக வெளியில் தனியாக எடுங்கள்.

விலை 50 லட்சத்தைத் தொட்டால், 1 சதவீதத்தை டிடிஎஸ்ஸாகப் பிடித்துக் கட்டுவது வாங்குபவர் கடமை. அது விற்பவர் பணத்திலிருந்து போவதால் நமக்குச் செலவில்லை. படிவம் போடத் தாமதமானால் நாளுக்கு 200 ரூபாய் அபராதம் மட்டும் நம்முடையது. பழைய வரிமுறையில் இருப்பவர்கள், முத்திரைத்தீர்வையையும் பதிவுக் கட்டணத்தையும் அந்த வருட 80சி-யின் ஒன்றரை லட்ச வரம்புக்குள் காட்டலாம். பதிவு ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

கடைசியாக, தண்ணீர். மெயின்டனன்ஸ் எவ்வளவு என்று கேட்டால் ஒரு தொகையைச் சொல்வார்கள். ஜனவரி கணக்கையும் மே மாதக் கணக்கையும் தனித்தனியாகக் கேளுங்கள். போர்வெல் இறங்கி லாரித் தண்ணீர் வாங்கும் கட்டடத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கும். முடிந்தால் கோடையில் ஒரு காலை நேரம் போய், சம்ப் மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.