கைத்தையலும் விரல்நுனிப் பாதுகாப்பும்

திருநெல்வேலிச் சீமையில் ஊசி வேலை பெண்மக்களின் உபதொழிலாக வெகுகாலம் நிலைபெற்றுள்ளது. நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் அம்மையார் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்பித்தார். அவருடைய குமாரத்தி எலைசா, 1844-இல் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்கு வந்தபின், அவ்வேலையை அங்கும் பரவச் செய்தார். தற்காலத்தில் சமூகநலத் துறையின் கீழுள்ள மகளிர் தையல் தொழிற் கூட்டுறவுச் சங்கங்கள் பள்ளிச் சீருடைகளைத் தைத்து வருகின்றன. இயந்திரம் வந்த பின்னும் பொத்தான் வைத்தல், மடிப்புத் தைத்தல், பாயின் ஓரத்திற்குத் துணி கட்டுதல், பழஞ்சேலைகளை அடுக்கிக் குழந்தைகளுக்கு விரிப்புத் தைத்தல் முதலியன கையாலேயே நடைபெறுகின்றன. இவற்றிற்கெல்லாம் முதல் கருவி விரல்நுனி. அது புண்பட்டால் வேலை நின்று, அன்றைய கூலியும் நின்றுவிடும்.

1. தீங்கு உண்டாகும் விதம்

கைத்தையலில் இரண்டு இடங்கள் துன்புறுகின்றன. ஊசியின் காதுப்புறத்தைத் தள்ளும் நடுவிரல் ஒன்று. துணியின் அடியில் ஊசிமுனையை எதிர்பார்த்து நிற்கும் மறுகைச் சுட்டுவிரல் மற்றொன்று. முன்னதில் காது அழுந்தி அழுந்திக் குழி விழும். சில சமயம் தோலைத் துளைத்து உட்செல்லும். பின்னதில் முனை பலகால் தைத்து, தோல் காய்ப்பேறி வெடிக்கும். துணி அடுக்கு மிகுந்தால் இவ்விரண்டும் மிகும். லேஸ் வேலையிலோ, திண்டில் குண்டூசிகளை ஊன்றும் பெருவிரலும் சுட்டுவிரலும் நோகும்.

2. அங்குஸ்தான் அணியும் முறை

தையற்காரர் விரலில் இடும் உலோகக் குப்பியே அங்குஸ்தான். விரலைக் குறிக்கும் பாரசீகச் சொல்லினின்று வந்தது இப்பெயர். இதனைத் தைக்கும் கையின் நடுவிரலில் அணிதல் வேண்டும். மேலுள்ள சிறு குழிகள் ஊசியின் காதை வழுக்காமல் தாங்கும். கையைத் தொங்கவிட்டு உதறினால் கழன்று விழலாகாது. விரல் நீலம் பாரிக்குமாறு இறுகவும் கூடாது. வெயில் நேரத்தில் விரல் சற்று வீங்குமாதலால், நண்பகலில் அணிந்து பார்த்து வாங்குவதே நலம். வியர்வை மிகுந்தோருக்கும் நகம் நீண்டோருக்கும் நுனி திறந்த வகை ஏற்றது; அதில் ஊசியை விரலின் பக்கத்தால் தள்ளுதல் வேண்டும்.

உலோகம் பழகாதவர்கள், மெல்லிய தோலை இரண்டு மடிப்பாக விரலளவில் தைத்து உறையாக்கிக் கொள்ளலாம். அடிக்கை விரலுக்கும் இவ்வுறையே போதும். முனை பட்டதும் தோல் உணர்த்தும், ஆயின் தைக்காது. தொடக்கத்தில் அங்குஸ்தான் இடைஞ்சலாகவே தோன்றும். சில நாள் விடாது அணிந்தால் அதுவின்றித் தைக்க மனம் வராது.

3. ஊசியும் நூலும்

கையூசியில் எண் கூடக் கூட ஊசி மெலியும். கனத்த துணிக்கு மிக மெலிந்த ஊசியை எடுத்தால் வளையும் அல்லது ஒடியும். தடித்த ஊசியோ அதிக வலுவை வேண்டும். துருப்பிடித்த ஊசியை ஒதுக்குக. நூலை மெழுகில் இழுத்துக்கொண்டால் துணியில் இலகுவாகச் செல்லும். ஊசி பாதியில் சிக்கினால் பல்லால் கடித்து இழுக்கலாகாது. பழைய சைக்கிள் டியூபின் சிறு துண்டால் பற்றி இழுக்க, வழுக்காமல் வெளிவரும்.

4. குத்து பட்டால் செய்ய வேண்டுவன

உடனே சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கழுவி, உலர்த்தி, சுத்தமான துணியால் கட்டுக. மண்ணிலும் புழுதியிலும் உள்ள கிருமியால் ரணஜன்னி வரக்கூடும். ஆகையால் பத்தாண்டுக்குள் தடுப்பூசி போடாதவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்டுக்கொள்ளுதல் அவசியம். விரல் சிவந்து வீங்கிச் சீழ் கண்டால் கைவைத்தியத்தில் நாள் கழியாமல் வைத்தியரிடம் செல்க. நீரிழிவு உடையோர் விரல் மரத்திருப்பதால் குத்தையே உணராதிருக்கக் கூடும்; அவர்கள் வேலை முடிந்ததும் விரல்களைக் கண்ணால் பார்த்துச் சோதிக்க வேண்டும்.

இரத்தம் பட்ட ஊசியைப் பிறர் எடுத்துத் தைக்கலாகாது. ஈரலைத் தாக்கும் மஞ்சட்காமாலை பி கிருமி உடலுக்கு வெளியே ஏழு நாட்களாயினும் உயிருடன் இருக்க வல்லது. துணியில் இரத்தக் கறை பட்டால் குளிர்ந்த நீரில் உடனே அலசுக. வெந்நீர் கறையை நிலைப்படுத்திவிடும்.

5. சங்கம் செய்யத்தக்கது

அங்குஸ்தான் விலையில் அற்பம். ஆயினும் தனித்தனியே வாங்கச் சொன்னால் பலர் வாங்கார். சங்கமே பல அளவுகளில் மொத்தமாக வாங்கி, ஊசி நூலோடு சேர்த்து அங்கத்தினர்க்கு வழங்குக. புதிதாய்ச் சேரும் பெண்களுக்கு முதல் நாளிலேயே அணிந்து தைக்கக் கற்பித்தால் பழக்கம் நிலைபெறும்.

கூட்டத்தில் ஆலோசிக்க வேண்டிய வினாக்கள்:
(1) நம் அங்கத்தினருள் எத்தனை பேர் அங்குஸ்தான் அணிகின்றனர்? அணியாதார் கூறும் காரணம் யாது?
(2) விரற்புண்ணால் சென்ற மாதம் எத்தனை நாள் வேலை நின்றது?
(3) ரணஜன்னித் தடுப்பூசி போடாதவர் யாவர்?