வேலிக்கு உள்ளேயும் வெளியேயும்
(இரண்டாமாண்டு பி.எஸ்சி., வேதியியல் மாணவி)

திருவொற்றியூரில் எங்கள் வீட்டில் தண்ணீர் பிடித்து வைக்க என் தந்தையார் ஒரு காலி டிரம் வாங்கி வந்தார். அதன் பக்கத்தில் பாதி அழிந்த மண்டையோட்டுப் படம் இருந்தது. தந்தையார் துறைமுகப் பக்கம் மூட்டை தூக்குபவர். எழுதப் படிக்க அறியாதவர். "படம்தானேம்மா, கழுவுனா போயிடும்" என்றார். நான் விளக்கிச் சொன்ன பிறகே திருப்பிக் கொடுத்தார். ஆபத்தை அறிந்தவர் அறியாதவருக்குச் சொல்ல வேண்டுமல்லவா? அந்தக் கடமை யாருடையது என்பதைக் காண்போம்.

தொழிற்சாலையில் முதலில் குறிப்பிட வேண்டியவர் பாதுகாப்பு அலுவலர். இயந்திரத்திற்குத் தடுப்பு உண்டா, குழாய் கசிகிறதா என ஆராய்ந்து நிர்வாகத்திற்கு எடுத்துரைப்பவர் இவர். ஆலை மருத்துவர் தூசியாலும் வாயுவாலும் தொழிலாளர்க்கு நோய் வருகிறதா எனச் சோதிக்கிறார். சுற்றுச்சூழல் பொறியாளர் புகையையும் கழிவுநீரையும் கவனிக்கிறார். வெளியிலிருந்து கண்காணிப்பவை தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககமும், 1982-இல் அமைந்த தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் ஆகும்.

1976-இல் தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டபோது, 1000 தொழிலாளர் உள்ள ஆலைக்குப் பாதுகாப்பு அலுவலர் கட்டாயமானார். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத் தொகுப்பின்படி, அபாயகரமான ஆலையில் 250 பேர் இருந்தாலே அவர் வேண்டும்.

இவை வேலிக்கு உள்ளே. வெளியே?

2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி, எண்ணூர் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. மக்கள் மூச்சுத் திணறி வீடுகளை விட்டு வெளியேறினர். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அமோனியா நீரில் மிக எளிதில் கரையும். ஆகவேதான் ஈரமுள்ள கண்ணையும் தொண்டையையும் அது உடனே தாக்குகிறது. அந்தக் குணமே ஓரளவு நமக்குத் துணையுமாகும்: ஈரத் துணியால் மூக்கையும் வாயையும் மூடி, காற்றடிக்கும் திசைக்குக் குறுக்காக விரைந்து விலக வேண்டும்.

இப்பாடத்தை நள்ளிரவில் கற்க இயலாது. 1984 போபால் துயரத்திற்குப் பின் வந்த 1989-ஆம் ஆண்டு அபாயகர இரசாயன விதிகள், ஆலைக்கு வெளியே வாழும் மக்களுக்கும் ஆபத்தின் தன்மையையும் செய்ய வேண்டியதையும் நிர்வாகம் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும் என்கின்றன. மாவட்ட ஆட்சியரிடம் அவசரகாலத் திட்டமும் இருக்க வேண்டும். அது கோப்பில் இருந்தால் போதாது. குப்பத்துப் பாட்டிக்கும் புரிய வேண்டும்.

தரமணி மண்டலத் தொழிலாளர் நிறுவனத்தில் தொழிலகப் பாதுகாப்புப் பட்டயப் படிப்பு நடத்தப்படுகிறது. ஒருநாள் அதைப் படித்துப் பாதுகாப்பு அலுவலராவது என் விருப்பம். நண்பர்களே, அதுவரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. நம் தெருவில் யாரேனும் காலி டிரம் வாங்கினால், அதில் ஒட்டியிருப்பதைப் படித்துச் சொல்வோம். கற்ற கல்விக்கு அதுவே முதற்பயன்.