ஹை-டாப் வாங்கும் முன்

கன்வர்ஸ் சக் டெய்லர் ஹை-டாப் மீது எனக்குத் தீராத ஆசை. கூடைப்பந்து ஆட்டத்துக்காக அமெரிக்காவில் 1917-இல் வந்த கான்வாஸ் ஷூ இது. கணுக்காலின் உள்பக்கம் வட்டத்துக்குள் ஒரு நட்சத்திரம், வெள்ளை ரப்பர் மூக்கு. ஜீன்ஸோ காட்டன் பேண்டோ, எதற்கும் எடுப்பாக இருக்கும். இந்த அழகுக்குக் கால் என்ன விலை கொடுக்கிறது என்பதையும் பார்த்துவிட வேண்டும்.

சாதாரண சக் ஷூவின் அடிப்பாகம் தட்டை. குதிகாலுக்கு மெத்தை என்று சொல்லும்படி எதுவும் இல்லை. ஜிம்மில் எடை தூக்குகிறவர்கள் இதை விரும்புவதே அந்த அமுங்காத அடிக்காகத்தான். ஆனால் கல் தரையில் மணிக்கணக்காக நடந்தால் முதலில் குதிகால் வலிக்கும், பிறகு முதுகு. 2013-இல் வந்த சக் 70 இதைவிட மேல்: கான்வாஸ் தடிமன், உள்ளே இன்சோல் மெத்தென்று இருக்கும். லேசாக மஞ்சளோடிய பளபளப்பான ரப்பர் விளிம்பு தனி அழகு. விலை கூடுதல்தான், தினமும் போடுகிறவர்களுக்கு அந்தக் காசு தகும்.

அளவில்தான் பெரும்பாலோருக்குக் குழப்பம். சக் ஷூக்கள் சற்றுப் பெரிதாக வரும். வழக்கமான அளவைவிட அரை அளவு குறைத்து எடுத்தால் சரியாக இருக்கும். ஆனால் தனியாக ஒரு இன்சோல் வாங்கிப் போடும் எண்ணம் இருந்தால் குறைக்காதீர்கள். இன்சோல் பாதத்தை மேலே தூக்கும், விரல்கள் கான்வாஸில் முட்டும். அகலப் பாதக்காரர்களும் குறைக்க வேண்டாம்.

லேஸ் கட்டும் விதத்தில் பாதி சௌகரியம் இருக்கிறது. பாதத்தின் மேல் வரும் ஓட்டைகளை நன்றாக இறுக்குவேன், குதிகால் எழும்பாது. கணுக்காலுக்கு மேல் ஏறும் கடைசி இரண்டு ஓட்டைகளைத் தளர்த்தியே வைப்பேன். அங்கே இறுக்கினால் நடக்கும்போது துணி மடிந்து பின்னங்கால் தசைநாணில் உரசும். தோல் சிவந்து கொப்புளமாகும். சாக்ஸ் ஷூவின் கழுத்தைவிட உயரமாக இருப்பது அவசியம். உயரமான கழுத்து சுளுக்கைத் தடுக்கும் என்று நம்பி வாங்குவதும் சரியல்ல. மெல்லிய துணி அவ்வளவு தாங்காது.

மெத்தை வேண்டுமென்றால் இன்னொரு ஹை-டாப்பும் உண்டு: 1985-இல் வந்த ஏர் ஜோர்டன் 1-இல் குதிகாலுக்கடியில் காற்றுப் பை இருக்கிறது. ஆனால் அதன் தோல் நம் வெயிலில் புழுங்கும். சக் ஷூவின் கான்வாஸும் உள்பக்கத்து இரண்டு காற்றுத் துளைகளும் நமக்குத் தோதானவை. வீட்டுக்கு வீடு வாசலிலேயே கழற்றுகிற வழக்கம் நம்முடையது என்பதால், பக்கவாட்டில் ஜிப் வைத்த ஹை-டாப்பையும் பார்க்கலாம்.

கடைக்கு மாலையில் போங்கள், கால் சற்று வீங்கியிருக்கும் நேரம் அது. இரண்டு காலிலும் மாட்டி லேஸ் கட்டி, கடைக்குள்ளேயே நன்றாக நடந்து பாருங்கள். ஏற்கெனவே குதிகால் வலி உள்ளவர்கள் சாதாரண சக் ஷூவைத் தினசரி ஷூவாக வைத்துக்கொள்ள வேண்டாம்.