காரின் பின்பக்க கேமராவை நீங்களே மாற்றலாம்

கம்ப்யூட்டர் இதழில் கார் வயரிங் எதற்கு என்று சிலர் நினைக்கலாம். சி.பி.யு.வுடன் மானிட்டரையும் வெப்கேமராவையும் இணைத்துப் பழகிய உங்களுக்கு இது அந்நியமான வேலை அல்ல. ஒரு கேமரா, ஒரு வீடியோ கேபிள், ஒரு திரை, கொஞ்சம் மின்சாரம். ரிவர்ஸ் கியர் போட்டால் மட்டுமே இவை இயங்க வேண்டும் என்பதுதான் ஒரே வித்தியாசம்.

காரின் பின்னால் தரையை ஒட்டியுள்ள பகுதி எந்தக் கண்ணாடியிலும் தெரியாது. வாசலில் உட்கார்ந்து விளையாடும் குழந்தை அந்த இடத்தில்தான் இருக்கும். அமெரிக்காவில் 2018 மே முதல் புதிய கார்களுக்குப் பின்பக்க கேமரா கட்டாயம். இந்தியாவில் 2019 ஜூலை 1 முதல் கட்டாயமானது ரிவர்ஸ் சென்சார்தான், கேமரா அல்ல. அதனால் நம் ஊர்க் கார்கள் பலவற்றில் இருப்பது கடையில் வாங்கிப் பொருத்திய கேமரா. சில மழைக்காலம் போனதும் லென்ஸுக்குள் ஈரம் புகுந்து படம் மங்கிவிடும். இங்கே நான் சொல்வது இந்த வகைக் கேமராவைப் பற்றித்தான். கார் கம்பெனியே பொருத்திய கேமராக்களில் சில 6 வோல்ட்டில் இயங்குபவை; அவற்றின் இடத்தில் கடை கேமராவை இணைக்காதீர்கள்.

புதிய கேமரா வாங்கும் முன் எது கெட்டது என்று பாருங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் நிலைக்குத் திருப்பி ரிவர்ஸ் கியர் போடுங்கள். திரை கேமராவுக்கு மாறி "நோ சிக்னல்" என்று காட்டினால், ரிவர்ஸ் போட்ட செய்தி திரைக்கு வந்துவிட்டது. கோளாறு கேமராவிலோ கேபிளிலோ உள்ளது. திரை மாறவே இல்லையா? பின்னால் ரிவர்ஸ் லைட் எரிகிறதா என்று ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். அதுவும் எரியவில்லை என்றால் முதலில் ஃபியூஸைப் பாருங்கள், கேமராவின் மேல் பழி போட வேண்டாம். டிக்கியைத் திறந்து மூடும்போது படம் வந்து வந்து போனால், கீல் அருகே ரப்பர் குழாய்க்குள் வயர் ஒடிந்திருக்கலாம். தினமும் மடங்கும் இடம் அது.

கேமராவிலிருந்து வரும் சிவப்பு வயர் 12 வோல்ட், கறுப்பு எர்த், மஞ்சள் பின் வீடியோ. பழைய டி.வி.டி. பிளேயரின் பின்னால் பார்த்த அதே ஆர்.சி.ஏ. பின்தான். ஆனால் காரின் வயர்களில் நிறத்தை நம்பாதீர்கள். மல்டிமீட்டரை டி.சி. 20 வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையை பாடியின் உலோகத்திலும் சிவப்பு முனையை ரிவர்ஸ் லைட் வயரிலும் வையுங்கள். கியர் போட்டால் 12 வோல்ட் சுமார், எடுத்தால் பூஜ்யம் வர வேண்டும். அந்த வயர்தான் உங்களுக்குத் தேவை.

மஞ்சள் நிற கனெக்டரைக் கண்டால் மட்டும் கையை எடுத்துவிடுங்கள். அது பெரும்பாலும் ஏர்பேக் இணைப்பு.

பழைய வீடியோ கேபிளை அவசரப்பட்டு உருவாதீர்கள். புதிய கேமராவை அதிலேயே தற்காலிகமாக இணைத்துப் பார்த்து, படம் வந்தால் உள்ளே ஓடும் கேபிளைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. பாதி வேலை மிச்சம். வீடியோ கேபிளோடு ஒரு மெல்லிய சிவப்பு வயர் ஒட்டி வரும். அதன் ஒரு முனை ரிவர்ஸ் லைட் வயருக்கும், மறுமுனை திரையின் பின்னால் "ரிவர்ஸ்" அல்லது "பேக்" என்று எழுதிய வயருக்கும் போகும். திரையை மாற்றச் சொல்வது இதுதான்.

நிரந்தரமாக இணைக்கும் முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். சிவப்பு வயரில் 1 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றை, ரிவர்ஸ் லைட் வயருக்கு மிக அருகில் போடுங்கள். பத்து ரூபாய்ப் பொருளாக இருந்தாலும், வயர் உரசி ஷார்ட் ஆனால் உருகப்போவது அதுதான், உங்கள் வயரிங் அல்ல. எர்த்துக்குப் பெயின்ட் சுரண்டிய போல்ட் வேண்டும். இணைப்புகளை சால்டர் செய்து ஹீட் ஷ்ரிங்க் டியூப் போடுவதே என் விருப்பம். வெறும் இன்சுலேஷன் டேப்பின் பசை நம் வெயிலில் இளகி வழிந்துவிடும்.

படம் நடுங்கினாலோ கோடு கோடாக வந்தாலோ, சில கார்களில் ரிவர்ஸ் லைட்டுக்கு மின்சாரம் துடிப்புத் துடிப்பாக வருவதுதான் காரணம். அங்கே கேமராவை நேரடியாக இணைக்காமல் ஒரு ரிலே வைத்துத்தான் கொடுக்க வேண்டும். இதை எலெக்ட்ரீஷியனிடம் விடுவது நல்லது.

எல்லாம் சரி, ஆனாலும் படம் வரவில்லை என்றால்? புதிய கேமராக்கள் பல ஏ.எச்.டி. வகை. பழைய திரைகளுக்கு சி.வி.பி.எஸ். சிக்னல்தான் புரியும். பின் ஒன்றேதான், மொழி வேறு. திரையின் செட்டிங்ஸில் கேமரா வகையை மாற்றும் வசதி உண்டா என்று பாருங்கள். இல்லையேல் சி.வி.பி.எஸ். கேமராவையே கேட்டு வாங்குங்கள். இடது வலது மாறித் தெரிந்தால், கேமரா வயரில் வளையமாக இருக்கும் சிறு வயர்களில் ஒன்றை வெட்ட வேண்டியிருக்கும். எது என்பது கேமராவுக்குக் கேமரா வேறுபடும். பெட்டியில் உள்ள தாளைப் படித்துவிட்டே கத்தரியை எடுங்கள்.

கடைசியாக ஒரு சோதனை. பம்பரிலிருந்து 1 மீட்டரை டேப்பால் அளந்து அங்கே ஒரு பிளாஸ்டிக் வாளியை வைத்துவிட்டு, திரையில் அது எந்தக் கோட்டில் தெரிகிறது என்று பாருங்கள். அகல லென்ஸ் என்பதால் வாளி உண்மையைவிடத் தள்ளியே தோன்றும். பிறகு வாளியைப் பம்பரை ஒட்டி நகர்த்துங்கள். திரையில் மறைந்துவிட்டால் கேமராவை இன்னும் சற்றுக் கீழே சாய்த்துவிட்டு, அதன் பிறகு ஸ்குருவை இறுக்குங்கள்.